சாயம் போகாத குங்குமம்

சேலம், குகை
தாது வருஷம், ஐப்பசி 20

அம்மிணி சௌந்திரத்துக்கு, உன் தாய்மாமன் சின்னண்ணன் சேலம் பட்டணத்திலிருந்து எழுதுவது.

நீ எடப்பாடிக்கு வந்திருப்பதாக நூல் மூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரர் சொன்னார். தீபாவளி நோம்பிக்கு இத்தனை முன்னாலேயே தாய்வீடு வந்தாயிற்றா! வரட்டும், வரட்டும். கல்யாணமாகி ஒரு வருஷமாக ராசிபுரத்து நெய்யைத் தின்ற உடம்புக்கு என் அக்கா கிண்டும் கேழ்வரகுக் களி வேண்டித்தான் இருக்கும்.

எனக்கு இங்கே மூச்சுவிட நேரமில்லை. நம் 'சௌந்திரலக்ஷ்மி குங்குமம்' ஆத்தூர் தாண்டிவிட்டது. சிங்கப்பூரில் கூடக் கேட்கிறார்களாம். அஸ்தம்பட்டி பங்களாவில் ஒரு துரைசாணி நாலு டின் வாங்கி, "சின்னண்ணன், இது போல் லண்டனில் இல்லை" என்று தமிழிலேயே சொன்னாள். டின் மேல் ஒட்டும் புது லேபிளைப் பார்த்தாயானால் அசந்துபோவாய். உன் கல்யாணப் போட்டோவைப் பார்த்துப் பெயிண்டர் எழுதியது. தாமரையில் உட்கார்ந்திருக்கிறாய். நான்தான் கூடுதலாக இரண்டு கை வைக்கச் சொன்னேன்.

இத்தனை பேர் ஏன் வாங்குகிறார்கள்? உனக்கு மட்டும் சொல்கிறேன். ஊரில் விற்கிற குங்குமம் மஞ்சள் குங்குமம். காலையில் வைத்தால் மத்தியானத்துக்குள் வேர்வையில் போய்விடும். எனக்கு யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? ராசிபுரத்துப் பட்டுச் சேலையிலிருந்து! பட்டுக்கு ஏறும் சாயம் பொட்டுக்கு ஏறாதா? சாயக்கார வேலுமணியிடம் ஜெர்மனிச் சிவப்புப் பொடி வாங்கி, மாக்கல் பொடியில் கலந்து, கொஞ்சம் பன்னீர் தெளித்தேன். அவ்வளவுதான் ரகசியம். சந்தையில் ஒரு வெள்ளைப் பட்டுத் துண்டில் ஊர்க் குங்குமத்தை ஒரு பக்கமும் நம்முடையதை மறு பக்கமும் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசிக் காட்டுவேன். ஊர்க் குங்குமம் ஓடிப்போகும். நம்முடையது துணி கிழிந்தாலும் போகாது. அந்த வேலுமணி மட்டும், "இது பாவு நூலுக்குப் போடறதுங்க, பதனமா இருங்க" என்றார். சாயக்காரருக்கு வியாபாரம் ஏறுமா?

இத்துடன் இரண்டு டின் வண்டிக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். ஒன்று உனக்கு, ஒன்று அக்காவுக்கு. மாப்பிள்ளை ராசப்பனை விசாரித்ததாகச் சொல்.

சின்னண்ணன்,
குங்கும வியாபாரம்

*

எடப்பாடி
ஐப்பசி 24

மாமாவுக்கு சௌந்திரம் எழுதியது.

இரண்டு டின்னையும் அதே வண்டியில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூடியைத் திறக்கவில்லை.

நான் நோம்பிக்கு வரவில்லை மாமா. அனுப்பிவிட்டார்கள். இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

ஆடிச் சீருக்கு நீங்கள் ராசிபுரம் வந்தபோது டின் கொடுத்தீர்கள். ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். ஒன்றை என் மாமியார் பாப்பாயி அத்தை எடுத்துக்கொண்டார். ஆவணியில் எனக்குப் பொட்டு வைக்கிற இடம் அரித்தது. பிறகு கொப்புளம் வந்து நீர் வடிந்தது. அது காய்ந்து உரிந்தபோது உள்ளே தோல் வெள்ளையாக இருந்தது. புளியங்கொட்டை அகலம். கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டேன்.

அத்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பிச் சொல்லியிருப்பேன். "தட்டத்தைத் தனியா வெச்சுக்கோ சாமி, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதே" என்றார். பிறகு பாயைத் தனியாகப் போடச் சொன்னார். பிறகு உங்கள் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு வண்டியைப் பூட்டச் சொன்னார். அவர் வண்டியை எங்கள் கிணற்றடியிலேயே நிறுத்திவிட்டார். ஏனுங்க உள்ளே வரலையா என்றதற்கு, "எருது மிரளும்" என்றார். அது கிழட்டு எருது மாமா. இடி விழுந்தாலும் மிரளாது.

அத்தை அம்மாவுக்குச் சொல்லி அனுப்பிய சேதி இது: "தைப்பூசத்துக்குள்ள நெத்தி சரியானா புள்ளை வரட்டுங்க. இல்லாட்டி எங்க பையனுக்கு நாங்க வேற எடம் பாத்துக்கறோமுங்க." வெண்குஷ்டம் என்கிற பெயரை யாரும் சொல்லவில்லை. எல்லோரும் அதைத்தான் நினைக்கிறார்கள்.

இங்கே வந்த பிறகு வெறும் மஞ்சள்தான் பூசுகிறேன். அரிப்பு நின்றுவிட்டது. எனக்குச் சந்தேகம் வந்து, கொண்டுவந்த டின்னிலிருந்து ஒரு துளி எடுத்து முழங்கையின் உள்பக்கம் வைத்துத் துணி கட்டினேன். இரண்டு நாளில் அதே கொப்புளம்.

எனக்கு வேறொன்றும் வேண்டாம். நீங்கள் ராசிபுரம் போய் அத்தையிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். இது நோயில்லை, என் குங்குமம் செய்த வேலை என்று. அதைச் செய்தவர் சொன்னால்தான் நம்புவார். நான் சொன்னால் தப்பிக்கச் சொல்வதாக நினைப்பார்.

சௌந்திரம்

*

சேலம்
ஐப்பசி 28

அம்மிணி,

உன் கடிதத்தைக் கடையில் நின்றே படித்தேன். உட்காரத் தோன்றவில்லை.

என் குங்குமமா? என் குங்குமமா? சேலம் ஜில்லா முழுக்க நெற்றியில் வைத்திருக்கிறார்கள், ஒருத்தி வாய் திறக்கவில்லை, தாமரையில் உட்காரவைத்த என் அக்கா மகள் திறக்கிறாள். கேள், காரணத்தை நான் சொல்கிறேன். முதலாவது, கத்தரிக்காய். இரண்டாவது, ராசிபுரத்துக் கிணற்று உப்புத் தண்ணீர். மூன்றாவது, கண்ணேறு. நல்ல தோலைப் பார்த்து நாலு பேர் பெருமூச்சு விட்டால் கல்லும் வெடிக்கும். முழங்கையில் வந்ததும் அதுதான். நீ துணியை இறுக்கிக் கட்டியிருப்பாய்.

இன்னொன்று சொல்கிறேன். போன வாரம் ராசிபுரம் சந்தையில் உன் மாமியாரைத் தூரத்திலிருந்து பார்த்தேன். நெற்றியில் ரூபாய் அகலத்துக்குப் பொட்டு. நம் குங்குமமேதான்! அந்தச் சிவப்பு எனக்குத் தெரியாதா? ஆடியில் பார்த்தபோது மிளகு அளவு வைத்திருந்த அம்மாள் இப்போது ரூபாய் அளவு வைக்கிறார் என்றால் சரக்குப் பிடித்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? அவருக்கு ஒன்றும் வரவில்லை, உனக்கு மட்டும் எப்படி வரும்? யோசித்துப் பார்.

பட்டு என்பது என்ன? ஒரு பூச்சியின் எச்சில். அதுவே இந்தச் சாயத்தைத் தாங்குகிறது. மனுஷத் தோல் தாங்காதா?

நீ கேட்பதுபோல நான் போய்ச் சொன்னேன் என்று வை. நாளைக்கே எல்லாக் கடைக்காரர்களும் டின்னைத் திருப்புவார்கள். அதற்குப் பதிலாக எதை விற்பது? மறுபடி அந்த மஞ்சள் குங்குமத்தையா? நான் ஊர் ஊராகப் போய், "அழியாத குங்குமம், மாங்கல்ய பலம்" என்று கத்தியிருக்கிறேன். இனிமேல் போய், "தாய்மார்களே, இது அழிகிற குங்குமம்" என்றால் ஒருத்தி வாங்குவாளா? புருஷனுக்கு ஆகாது என்று செருப்பைக் கழற்றுவார்கள்.

சரி. உன் மனசு ஆறட்டும். இன்றைக்கு முதல் இதே டின்னிலிருந்து என் நெற்றியில் இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை பட்டையாகப் பூசிக்கொள்ளப் போகிறேன். கார்த்திகை தீபம் வரைக்கும். ஒன்றும் வராது. பிறகு நீ என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், ஒரு வடை சுட்டு அனுப்பினால் போதும்.

சின்னண்ணன்

*

எடப்பாடி
கார்த்திகை 15

மாமா,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "என் தம்பி பொறந்ததுல இருந்து ஒரு தடவை கூட 'ஆமா'ன்னு சொன்னதில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நான் சும்மா இருக்கவில்லை. சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும்போல இருக்கிறது. தறிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். சந்தை நாளில் அம்மாவோடு போனேன். உங்கள் குங்குமம் வைத்திருந்த ஒரு பெண்ணிடம், வளையல் விலை கேட்கிற சாக்கில் மெதுவாக விசாரித்தேன். முதலில் முறைத்தாள். பிறகு என் முந்தானையைப் பிடித்து மரத்துக்குப் பின்னால் இழுத்துப்போய்ப் பொட்டை ஓரத்தில் துடைத்துக் காட்டினாள். வெள்ளை. அவள் நாத்தனாருக்கும் இருக்கிறதாம். பக்கத்தில் வெற்றிலைக்கடை ஆராயிக்கும் இருக்கிறது.

அவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வெள்ளை தெரியாமலிருக்கப் பொட்டைப் பெரிதாக்குகிறார்கள். பொட்டு பெரிதானால் புண் பெரிதாகிறது. புண் பெரிதானதும் பொட்டை இன்னும் பெரிதாக்குகிறார்கள். உங்கள் டின் சீக்கிரம் தீர்கிறது. மறுபடி வாங்குகிறார்கள். வியாபாரம் வளர்கிறது என்று நீங்கள் எழுதுவது இதைத்தான்.

யாரும் புருஷனிடம் சொல்லவில்லை. எல்லோரும் தனக்கு மட்டும்தான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருத்தியும் என் படம் போட்ட டின்னை வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறாள்.

என் படத்தை எடுத்துவிடுங்கள். நாலு கை வைத்தீர்களே, நாலு கையாலும் அந்தப் பெண்களின் நெற்றியில் நானே நெருப்பு வைக்கிற மாதிரி இருக்கிறது.

அம்மாவும் நானும் மஞ்சள் குங்குமம் செய்து பார்க்கிறோம். முதல் தடவை வெண்காரம் கூடிப்போய்ச் செங்கல் நிறத்தில் வந்தது. அடுத்த தடவை வெயிலில் காய வைத்ததால் வெளுத்துவிட்டது. இப்போது நிழலில் காய்கிறது. நன்றாக வந்தாலும் மத்தியானம் வரை நிற்காது என்று எனக்கும் தெரியும். நிற்காமல் போகட்டும்.

ராசிபுரத்திலிருந்து ஒரு சேதியும் இல்லை. தை வந்துகொண்டிருக்கிறது.

சௌந்திரம்

*

சேலம்
மார்கழி 3

அம்மிணி சௌந்திரத்துக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. வேலை. கடையில் ஒரே கூட்டம். அதாவது, கூட்டம் வந்து போகிறது.

மார்கழிக் குளிர் இந்த வருஷம் அதிகம். அதனால் தலைப்பாகை கட்ட ஆரம்பித்திருக்கிறேன். புருவம் வரைக்கும் இறக்கிக் கட்டினால்தான் காதில் காற்றுப் போகாது என்று முனிசிபாலிட்டியில் ஒரு பெரிய மனிதர் யோசனை சொன்னார். எடுப்பாக இருக்கிறது. மைசூர் திவான் போல இருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள். தூங்கும்போதும் கட்டிக்கொள்கிறேன்.

அஸ்தம்பட்டித் துரைசாணியின் பட்லரை வழியில் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்குக் காகிதப் பூவுக்குச் சாயம் போட அந்த நாலு டின்னும் ரொம்ப வசதியாக இருந்ததாம். அதைக் கேட்டு நான் சிரித்தேன். கொஞ்சம் கழித்துத்தான் சிரிப்பு நின்றது.

ஒரு விஷயம். எனக்காக இல்லை. இங்கே எனக்குத் தெரிந்தவர் ஒருவர், கௌரவமான ஆள், பெயர் வேண்டாம். அவருக்கு நெற்றியில் சிறிது எரிச்சல். ராத்திரி தலையைத் தலையணையில் வைக்க முடியவில்லையாம். உனக்கு வந்தபோது என்ன போட்டாய்? தேங்காயெண்ணெயா, வேப்பெண்ணெயா? வெள்ளையாக உரிந்த இடம் பிறகு கறுக்குமா, அப்படியே நிற்குமா? அவருக்குச் சொல்ல வேண்டும், கேட்டு நச்சரிக்கிறார்.

நிழலில் காயவைத்தது என்ன நிறத்தில் வந்தது? அதுவும் அவர்தான் கேட்டார்.

சின்னண்ணன்

*

எடப்பாடி
மார்கழி 8

மாமா,

உங்களுக்குத் தெரிந்தவரிடம் முதலில் தலைப்பாகையை அவிழ்க்கச் சொல்லுங்கள். மூடி வைத்தால் புண் ஆறாது. தேங்காயெண்ணெய் மட்டும் போடட்டும், வேறு எதையும் தொடவேண்டாம். சீயக்காயும் படக்கூடாது. எரிச்சல் ஒரு வாரத்தில் அடங்கும். அரிக்கும், சொறியக்கூடாது. நான் கையைத் துணியால் சுற்றிக்கொண்டு படுத்தேன்.

வெள்ளை கறுக்குமா என்று கேட்டாராம். எனக்குக் கறுக்கவில்லை. அவரிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள்.

நிழலில் காய்ந்தது நல்ல சிவப்பு. மாதுளம்பூப் போல இல்லை, கொஞ்சம் மங்கல். ஆனால் அம்மா அதை வைத்துக்கொண்டு நின்றபோது கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. பக்குவம் எழுதுகிறேன். விரலி மஞ்சளைச் சின்னத் துண்டாக நறுக்கி, எலுமிச்சைச் சாற்றில் படிகாரமும் வெண்காரமும் கரைத்து ஊறவைக்க வேண்டும். வெண்காரம் குறைவாக, கிள்ளிப் போடுகிற அளவு. உள்ளே வரை சிவந்ததும் நிழலில் உலர்த்தி இடித்துச் சலித்துக்கொள்ளலாம். கடைசியில் கொஞ்சம் நெய் விட்டுப் பிசிறினால் நெற்றியில் ஓரளவு ஒட்டும். எங்கள் வீட்டில் நெய் இல்லை, நல்லெண்ணெய் விட்டோம். சரியாக ஒட்டவில்லை. இதை முழங்கையில் கட்டி மூன்று நாள் விட்டேன். ஒன்றும் வரவில்லை. பிறகு நெற்றியில் வைத்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு கண்ணாடியைத் திருப்பினேன்.

மாமா, ராசிபுரத்தார் எடப்பாடியிலேயே ஒரு வீட்டில் பெண் பார்க்கிறார்களாம். பெண்ணை எனக்குத் தெரியும். நல்ல பெண். அவள் வீட்டைத் தாண்டித்தான் தினமும் தண்ணீருக்குப் போகிறேன்.

உங்களுக்குத் தெரிந்தவர் ராசிபுரம் போக வேண்டும். ஒரு பேச்சும் பேச வேண்டாம். மன்னிப்பும் கேட்க வேண்டாம். நெற்றியைக் காட்டினால் போதும்.

சௌந்திரம்

*

சேலம்
தை 6

என் தங்கம் அம்மிணி சௌந்திரத்துக்கு,

பொங்கல் எப்படி? எனக்கு எப்படி என்று கேட்காதே. ராசிபுரத்தில் ஒரு வெற்றிவிழா நடத்திவிட்டு வந்திருக்கிறேன். உட்கார்ந்து படி.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் பஸ் ஏறினேன். என்னைக் கண்டதும் டிரைவரே இறங்கி முன் சீட்டைக் காலி செய்தார். உன் மாமியார் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேரும்போது என் பின்னால் நூறு பேர், குறைத்துச் சொல்கிறேன். ராசப்பன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வாளியை நழுவவிட்டான்.

உன் மாமியார் வெளியே வந்தார். "வாங்க, சேலத்துக்காரரே. தலையில என்னங்க இத்தாச்சோடு பெரிய கட்டு? மறுக்கா மாப்பிள்ளையாகப் போறீங்களா?"

"இல்லைங்க."

"அது சரி. ஊட்டுல பொட்டு வெக்க ஒருத்தி இல்லை. ஊரெல்லாம் குங்குமம் விக்கிறீங்க."

அதற்கு நான் தகுந்த பதில் கொடுத்தேன், இப்போது ஞாபகமில்லை. பிறகு ராஜா கிரீடத்தைக் கழற்றுவதுபோலத் தலைப்பாகையை அவிழ்த்தேன். இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை வெள்ளை, நடுவில் இன்னும் பச்சைப் புண். என்ன சொல்வார் என்று நினைத்தேன் தெரியுமா? "அய்யோ, இது குங்குமத்தினால் வந்ததா" என்று கதறுவார் என்று நினைத்தேன். அவர் வாயில் கை வைத்தார்.

"அட கெரகமே! மாமனுக்கும் இருக்குதா? பாத்தியாடா ராசப்பா. வம்சத்துலயே ஓடுது. நான் சொன்னப்ப மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டியே!"

அம்மிணி, அவிழ்த்த தலைப்பாகையை மறுபடி கட்டப் பார்த்தேன். வெயில் உறைத்திருக்க வேண்டும். உன்னை மேலே ஏற்றப் போட்ட ஏணியை நானே உதைத்துத் தள்ளிவிட்டேனோ என்று தோன்றியது. நீயும் நானும் ஒரே ரத்தம் என்பதை நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. ராசப்பன் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளே உன் மாமனார் இருமுகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் அந்த அம்மாளின் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். பொட்டு. ஆடியில் மிளகு. ஐப்பசியில் ரூபாய். இப்போது புருவத்துக்குப் புருவம் எட்டி, அப்பளம் மாதிரி. நீ எழுதிய சந்தைப் பெண்கள் அத்தனை பேரும் கண் முன்னால் வந்து நின்றார்கள்.

"ஏனுங்க, உங்க பொட்டு எப்ப இத்தனை பெரிசாச்சுங்க?" என்றேன்.

அவர் உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை. தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து முகம் துடைத்துக்கொண்டு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியில் பொட்டு இல்லை. இருந்த இடத்தில் அதே வெள்ளை.

"அந்தப் புள்ளைகிட்ட இருந்து எனக்கு ஒட்டிக்கிச்சுன்னு இருந்தேனுங்க" என்றார். "அவளை அனுப்பிட்டா எனக்கு நின்னு போகுமுன்னு பாத்தேன். நிக்கலை. நானும் தட்டத்தைத் தனியாத்தான் வெச்சிருக்கறேன், ஊட்டுக்காரருக்குத் தெரியாம."

பிறகு நான் ஒரு மணி நேரம் பேசினேன். ஜெர்மனி, ரசாயனம், பட்டுப்பூச்சி, பதிவிரதைகள் எல்லாவற்றையும் விளக்கினேன். கூட்டம் கைதட்டியது. என் நெற்றியில் நான் செய்தது ஒரு பரீட்சை என்றும், இதுபோல் பரீட்சை செய்தவன் இந்த ராஜதானியிலேயே இல்லை என்றும் சொன்னேன். அது உண்மைதானே?

மீதமிருந்த டின்களை எல்லாம் வேலுமணியிடம் கொட்டிவிட்டேன். சேலைப் பாவு நூலுக்குப் போட்டிருக்கிறார். எவள் முதுகிலோ நாற்பது வருஷம் சாயம் போகாமல் கிடக்கட்டும், அதன் இடம் அதுதான். எடப்பாடிச் சந்தைக்கும் தலைப்பாகை இல்லாமல் போனேன். கல்மேல் ஏறி நின்று, என் டின் வைத்திருப்பவர்கள் எல்லாம் கொண்டுவாருங்கள், இதுதான் அது செய்கிற வேலை என்று நெற்றியைக் காட்டினேன். மாலை போட்டார்கள்.

புதுச் சரக்குத் தயாராகிறது. மஞ்சள் குங்குமம், என் சொந்தக் கண்டுபிடிப்பு. நெய்க்கு உன் மாமியாரையே கேட்டிருக்கிறேன். வாசகமும் யோசித்துவிட்டேன்: "ஒரு நாளைக்கு மூன்று வேளை வைக்க வேண்டிய குங்குமம். மூன்று மடங்கு மங்களம்." எப்படி?

உன் சேதிக்காகக் காத்திருக்கும்
சின்னண்ணன்

*

ராசிபுரம்
தை 21

மாமாவுக்கு சௌந்திரம்.

பூசத்துக்கு முன்னாலேயே வண்டி வந்தது. இந்தத் தடவை கிணற்றடியில் நிற்கவில்லை, வாசலுக்கே வந்தது. எருது மிரளவில்லை. உங்கள் மாப்பிள்ளை வழி நெடுக மழையைப் பற்றியே பேசினார். இன்னும் என் நெற்றியைப் பார்க்காமல்தான் பேசுகிறார். நானும் அவருக்கு எளிதாக்கிக் கொடுக்கப் போவதில்லை.

உங்கள் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கூட்டம் வந்த இடத்தில், "எந்தக் கூட்டம்?" என்றார். பேசிய இடத்தில் என்னை நிறுத்தச் சொன்னார். "ஒரு மணி நேரமா? அந்த மனுசன் அந்த ஒரு கேள்வி கேட்டதோட சரி. அப்பறம் வாசப்படியில உக்காந்து துண்டுல மூஞ்சியை மூடிக்கிட்டாரு. காப்பித் தண்ணி குடுத்தேன், அதையும் குடிக்கலை" என்றார். அத்தை சொல்வதைத்தான் நம்புகிறேன் மாமா. அதனால்தான் இந்தக் கடிதம் எழுதுகிறேன். நீங்கள் எழுதியபடியே நடந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

எடப்பாடிச் சந்தையில் மாலை போட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அம்மா சாணி என்றாள். கல்லை விட்டு இறங்காமல் கடைசி வரை நின்றீர்களாம். ஆராயி முதலில் சாணி அடித்துவிட்டு, பிறகு வீட்டுக்குப் போய் டின்னை எடுத்து வந்தாளாம்.

வெண்காரத்தைக் குறையுங்கள். நீங்கள் அனுப்பிய மாதிரிச் சரக்கு செங்கல் நிறமாக இருக்கிறது. உங்கள் சொந்தக் கண்டுபிடிப்பில் எங்கள் பழைய தப்பையே செய்திருக்கிறீர்கள்.

வெள்ளை போகவில்லை. எனக்கும் போகவில்லை, அத்தைக்கும் போகவில்லை. காலையில் குளித்ததும் அத்தை என்னைக் கூப்பிட்டு எனக்கு வைக்கிறார், பிறகு நான் அவருக்கு வைக்கிறேன். மிளகு அளவுதான். சுற்றிலும் வெள்ளை தெரிகிறது, தெரியட்டும் என்று விட்டுவிட்டோம். முதல் நாள் மத்தியானம் பொட்டு கலைந்தபோது அத்தை பயந்து மாமனார் இருமுகிறாரா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இப்போது கலைந்தால் அடுப்படியிலிருந்து, "அம்மிணி, இங்க வா" என்று கூப்பிடுகிறார். நெய்ச் சட்டியில் விரலைத் தொட்டு மறுபடி வைக்கிறார். தட்டங்கள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன.

புது டின்னில் என் படம் வேண்டாம். லேபிள் அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் எழுதுங்கள். உங்கள் படத்தைப் போடுங்கள். இரண்டு கை போதும். தலைப்பாகை இல்லாமல்.

சௌந்திரம்